எழுத்துக் கட்டுப்பாடும் பொருள் விளக்கமும்



ஆங்கில மொழியிலுள்ள மிக நீண்ட சொற்களைத் தேடியெடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பள்ளி, கல்லூரி மாணவரிடையே நெடுங்காலமாக உண்டு. இன்ன எழுத்து மட்டுமே வருகின்ற சொல் எது? இன்ன எழுத்து வாராத சொல் எது? ஓரெழுத்தும் இருமுறை வாராத நீண்ட சொல் எது? இவ்வாறு ஒருவரை ஒருவர் வினவி மகிழ்வதும் உண்டு. இது நல்ல விளையாட்டே. ஆயினும், எழுத்தை எண்ணுவதோடு நின்றுவிட்டால் அது விரலுக்குப் பயிற்சியேயன்றி அறிவுக்குப் பயிற்சியாகாது. அந்தச் சொல்லின் பொருளையும் உடன் கொண்டால்தான் விளையாட்டு கல்வியாகும். இவ்வுண்மையை ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைக்கொண்டும், நம் தமிழ்ப் புலவர்கள் ஆடிய எழுத்து விளையாட்டுகளைக்கொண்டும் இன்று விளக்க முற்படுகின்றேன்.

முதலில் ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம். ஆங்கில நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகள் 26. அவற்றுள் உயிரெழுத்துகள் ஐந்து. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் அவ்வைந்தும் நெடுங்கணக்கு வரிசையிலேயே ஒருமுறை மட்டும் வரும் சொற்கள் மிகச் சிலவே. 'ஃபெசீஷஸ்' என்பது அவற்றுள் ஒன்று, எழுத்து 9. வேடிக்கையாகப் பேசும் இயல்புடைய என்பது அதன் பொருள். 'அப்ஸ்டீமியஸ்' என்பது மற்றொன்று, எழுத்து 10. உணவிலும் குடியிலும் அடக்கமுடைய என்பது பொருள். மதுவைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லொன்று இதனுள் அடங்கியிருக்கிறது. மதுவினின்று விலகியிருத்தல் என்பதே அதன் முதற்பொருள். இவ்வாறு வேர்ப்பொருளை அறிந்துகொண்டவன் இச்சொல்லை மறப்பதில்லை.

'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதில் எழுத்து 9, உயிர் ஒன்றே. வலிமைகள் என்பது பொருள். 'புக்கீப்பர்' என்னும் சொல்லில் மூன்று இரட்டை எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன: இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ. கணக்கேடு எழுதுபவர் என்பது பொருள். புத்தகம், காப்பவர் என்ற இரு சொற்கள் இணைந்தது என்று தெரிந்தவனுக்கு இந்த இரட்டைகள் வியப்பளிக்கமாட்டா, எழுத்துப்பிழையும் நேராது. 'அன்காப்பிரைட்டபிள்' என்னும் சொல்லில் எழுத்து 15. ஓரெழுத்தும் இருமுறை வருவதில்லை. பதிப்புரிமை பெற இயலாதது என்பது பொருள்.

இனி, மாணவர்கள் பெரிதும் விரும்பும் நெடுஞ்சொற்களுக்கு வருவோம். 'ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்ட்டேரியனிசம்' என்பது 28 எழுத்துச் சொல். ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவனொருவன் இதன் எழுத்துகள் அனைத்தையும் ஒரே மூச்சில் பிழையின்றிச் சொன்னான். வகுப்பே கைதட்டியது. பொருள் யாதென்று கேட்டேன்; தலைகுனிந்தான். அவனைக் கரும்பலகையின்முன் நிறுத்தி, சொல்லைத் துண்டு துண்டாக எழுதச் சொன்னேன். நடுவில் நிற்பது 'எஸ்டாப்ளிஷ்', அதாவது நிலைநிறுத்து. இங்கே அது இங்கிலாந்துத் திருச்சபை அரசின் அதிகாரபூர்வமான சபையாக நிலைநிறுத்தப்பட்டிருத்தலைக் குறிக்கும். முன்னே 'டிஸ்' சேர்ந்தால் அந்நிலையை நீக்குதல். அதற்கும் முன்னே 'ஆன்ட்டி' சேர்ந்தால் அந்நீக்கத்தை எதிர்த்தல். இறுதியில் 'இசம்' சேர்ந்தால் கொள்கை. ஆகவே, திருச்சபையின் அரசுத் தொடர்பை நீக்குதலை எதிர்க்கும் கொள்கை என்பது பொருளாயிற்று. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த பெரியதோர் அரசியல் வழக்கு இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதனைக் கண்டபின் அம்மாணவன் முகத்தில் தோன்றிய மலர்ச்சி, கைதட்டலின்போது தோன்றியதினும் பெரிது.

'ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்' என்பது 29 எழுத்துச் சொல். ஐ என்னும் எழுத்து இதில் ஒன்பது முறை வருகிறது. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ஈ என்னும் எழுத்து ஒருமுறையும் வாராது. ஒன்றைச் சிறிதும் மதிப்பற்றதென்று கருதுதல் என்பது பொருள். இதிலுள்ள லத்தீன் சொற்கள் நான்கு. கம்பளித் துணுக்கு, அற்பப் பொருள், ஒன்றுமின்மை, ஒற்றை மயிர் என்பன அவற்றின் பொருள்கள். நம் மொழியில் 'ஒரு துரும்பாகக் கருதினான்' என்று சொல்வதில்லையா? அத்தகைய துரும்புகள் நான்கைச் சேர்த்து முடிந்த வேடிக்கைச் சொல் இது.

ஷேக்ஸ்பியர் தம் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' என்னும் நாடகத்தில் 27 எழுத்துச் சொல்லொன்றை அமைத்துள்ளார். 'ஹானரிஃபிகாபிலிட்டூடினிட்டாட்டிபஸ்' என்பது அது. மெய்யும் உயிரும் தொடக்கம் முதல் இறுதிவரை மாறிமாறி வருவது இதன் சிறப்பு. பெருமை எய்தத்தக்க நிலையில் என்பது பொருள். இச்சொல்லை யார் வாயில் வைத்தார் ஷேக்ஸ்பியர்? பேரறிஞர் வாயிலன்று, கோஸ்டர்டு என்னும் நாட்டுப்புறக் கோமாளியின் வாயில் வைத்தார். பொருளற்ற படாடோபத்துடன் லத்தீன் பேசித் திரியும் பண்டிதர்களை எள்ளி நகையாடுவதற்கே அவன் இதனைச் சொல்கிறான். நெடுஞ்சொல்லை வெறும் பகட்டாகக் கொள்வோர்க்கு நாடகாசிரியர் அன்றே அளித்த அறிவுரை இது என்று கொள்ளலாம்.

எல்லாவற்றினும் நீண்டதாக அகராதியில் இடம்பெற்ற சொல் 45 எழுத்துகளையுடையது. 'நியூமோனோ அல்ட்ரா மைக்ரோஸ்கோப்பிக் சிலிக்கோ வல்கேனோ கோனியோசிஸ்' என்று பிரித்துச் சொன்னாலன்றி நமக்கு நாவில் நில்லாது. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் புதிர் வல்லுநர் கழகத்தின் தலைவராயிருந்த எவரெட் ஸ்மித் என்பவர், நெடுஞ்சொல் ஒன்று வேண்டுமென்பதற்காகவே இதனை உருவாக்கினார். எனவே, பிறப்பால் இது ஒரு விளையாட்டுச் சொல்லே. ஆனால் இதன் பொருள் விளையாட்டன்று. நுரையீரல், மிக நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசு நோய் என இதன் உறுப்புகள் விரியும். நுண்ணிய சிலிக்காத் தூசியை மூச்சோடு உள்ளிழுப்பதால் வரும் நுரையீரல் நோய் என்பது திரண்ட பொருள்.

இந்நோயின் வழக்குப் பெயர் 'சிலிக்கோசிஸ்'. கல் உடைப்போர், கல் அறுப்போர், சுரங்கத்தில் உழைப்போர் ஆகியோரைப் பற்றும் கொடிய நோய் இது. நுரையீரலில் படிந்த தூசி அங்கே வடுவை உண்டாக்கும். வடுப்பட்ட பகுதி பின்னர் மூச்சுக்கு உதவாது. பட்ட வடுவை மாற்றும் மருந்து இல்லை. காசநோயும் இவர்களை எளிதில் பற்றும். தூசி பறக்காமல் நீர் தெளித்தும், தக்க முகக்கவசம் அணிந்தும் முன்னரே காத்துக்கொள்வதே வழி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய நோய்களின் பட்டியலில் இதனையும் சேர்த்திருந்தது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்வெட்டுத் தொழிலால் பிழைக்கும் குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டுப் பிள்ளையொருவன் 45 எழுத்துகளையும் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு பெற்று, அதன் பொருளை மட்டும் அறியாதிருந்தால், தந்தையின் இருமலுக்கும் தான் ஒப்பித்த சொல்லுக்கும் உள்ள தொடர்பை எவ்வாறு உணர்வான்? பொருளறிந்த பிள்ளையோ, 'அப்பா, வாயைத் துணியால் கட்டினால் போதாது. நல்ல கவசம் வேண்டும். மருத்துவரிடம் மார்புப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும்' என்று வற்புறுத்துவான். எழுத்தறிவுக்கும் பொருளறிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே உயிரளவு பெரிதாகிவிடுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். எழுத்துக்குக் கட்டுப்பாடு விதித்துச் சொல்லாடுதல் நம் மொழியில் பெரியதொரு கலையாக வளர்ந்தது. அதற்குச் சித்திரகவி என்று பெயர். தண்டியலங்காரம் இதன் வகைகளைத் தொகுத்துக் கூறுகிறது. ஆங்கில எழுத்து தனி ஒலியின் குறி. தமிழிலோ உயிரும் மெய்யும் கூடிய உயிர்மெய்யும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஆதலின், ஓரெழுத்தே ஒரு சொல்லாகி நின்று பொருள் தருதல் தமிழில் எளிதாயிற்று.

ஓரெழுத்தொருமொழிகளுள் சிறந்தவை 42 என்பது நன்னூலார் கணக்கு. உயிரில் 6, மகர வருக்கத்தில் 6, தகர, பகர, நகர வருக்கங்களில் ஐவைந்து, ககர, வகர, சகர வருக்கங்களில் நந்நான்கு, யகரத்தில் 1, இந்த 40-உம் நெடில்கள். நொ, து என்னும் குறில்கள் இரண்டும் சேர 42 ஆகும். ஆ என்பது பசு. ஏ என்பது அம்பு. ஓ என்பது மதகுநீர் தாங்கும் பலகை. கா என்பது சோலை. கோ என்பது அரசன். தே என்பது தெய்வம். சே என்பது எருது. சோ என்பது மதில். நே என்பது அன்பு. வீ என்பது மலர். யா என்பது ஒரு மரம். நொ என்பது துன்பம். து என்பது உண் என்னும் ஏவல். ஆங்கிலேயர் 45 எழுத்துகளைக் கோத்து ஒரு நோயைக் குறித்தனர். நம் முன்னோர் ஓரெழுத்தால் ஒரு சோலையையே குறித்தனர். நீளத்தில் பெருமையில்லை, பொருளிலேயே பெருமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஓரெழுத்தோடு மற்றோரெழுத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்னாகும்? 'தை' என்பது ஒரு திங்கள்; துணியைத் தைத்தலுமாம். முன்னே ஓரெழுத்தைச் சேர்த்தால் 'விதை'. இன்னும் ஓரெழுத்தைச் சேர்த்தால் 'கவிதை'. இவ்வாறு எழுத்து ஏற ஏற வெவ்வேறு பொருள் தருதல் எழுத்து வருத்தனம் எனப்படும். இதனையே தலைகீழாக்கி, எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அக்கரச் சுதகம். நெடிலைக் குறிலாக்கி ஒரு மாத்திரை குறைத்தால் காலை கலையாகும், மாலை மலையாகும், பாடம் படமாகும். இது மாத்திரைச் சுருக்கம். மூன்றெழுத்துச் சொல்லொன்றைப் பிரித்து மும்மொழியாக்குதல் திரிபாகி. 'காமாரி' என்பது காமனுக்குப் பகைவனாகிய சிவபெருமான். அதன் முதலும் ஈறும் சேர்ந்தால் காரி. இடையும் ஈறும் சேர்ந்தால் மாரி. காரி என்பது கடையெழு வள்ளல்களுள் ஒருவர் பெயர். மாரி என்பது மழை.

இனி, எழுத்துகள் மாறாமலே பொருள் மாறும் சொற்களும் உண்டு. தாமரை என்றால் மலர். தா, மரை என்று பிரித்தால் தாவுகின்ற மான். வேங்கை என்றால் மரமுமாம், புலியுமாம். வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. இலக்கணநூலார் இவற்றைப் பொதுமொழி என்பர். ஆங்கிலத்திலும் 'நோவேர்' என்னும் ஏழெழுத்துச் சொல் எங்கும் இல்லை என்று பொருள்படும். அதே எழுத்துகளை வேறிடத்தில் பிரித்தால் 'நவ் ஹியர்', இப்போது இங்கே என்றாகிவிடும். ஒரேயொரு இடைவெளி இல்லாததை உள்ளதாக்குகிறது! இவ்வாறு ஒரே எழுத்துத் தொடரை அடிதோறும் வைத்து, ஒவ்வோர் அடியிலும் வேறு பொருள் தோன்றப் பாடுவதே யமகம்.

மேலே கூறியவை சொல்லளவில் நின்ற விளையாட்டுகள். ஒரு பாட்டு முழுவதையும் ஒரே வருக்கத்து எழுத்துகளால் முடித்தல் இவற்றினும் அரிது. எங்கள் கீரமங்கலம் பூச்சந்தையைக் கண்டவர்கள் அறிவார்கள்: கதம்பத்தில் ஒரு பூ வாடியிருந்தாலும் மற்றப் பூக்களின் நிறம் அதை மறைத்துவிடும், மல்லிகை மட்டும் தொடுத்த சரத்திலோ ஒரு பூ வாடினாலும் கண்ணில் படும். ஓரின எழுத்தால் ஆகிய பாட்டும் அத்தகையது. பொருளில்லாத சொல் ஒன்று புகுந்தாலும் உடனே வெளிப்பட்டுவிடும்.

15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவர் ககர வருக்கத்தால் ஒரு வெண்பாவும், தகர வருக்கத்தால் ஒரு வெண்பாவும் பாடியிருக்கிறார். ககரப் பாட்டில் காக்கை வருகிறது, கூகை வருகிறது, கொக்கு வருகிறது, அரசனைக் குறிக்கும் கோ வருகிறது. கேட்பவர்க்குக் காக்கை கரைவது போலவே தோன்றும். பொருளோ அரசியல் நீதி. பகலில் காக்கை கூகையை வெல்லும். இரவில் கூகை காக்கையை வெல்லும். ஆதலின் அரசன் கொக்கைப் போலக் காலம் பார்த்திருந்து தன் நாட்டைக் காக்கவேண்டும் என்பது கருத்து. திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தைப் படித்தவர்கள், இந்தக் காக்கை, கூகை, கொக்கு மூன்றும் அங்கே உவமையாக வந்திருத்தலை நினைவுகூர்வர். எழுத்தைக் கட்டிய புலவர் பொருளைத் திருக்குறள் மரபிலேயே நிறுத்தியிருக்கிறார்.

தகரப் பாட்டு, காதலனுக்குத் தூதனுப்ப நினைக்கும் தலைவியின் மனத்துயர். தாதி என்பது பணிப்பெண். தத்தை என்பது கிளி. தூதி என்பது தூது செல்லும் தோழி. தாது என்பது பூந்தாது. துத்தி என்பது மேனியிற் படரும் தேமல். இச்சொற்களை அறியாதவன் செவிக்கு இது வெறும் தாளம்; அறிந்தவன் செவிக்கு ஒரு பெண்ணின் ஏக்கம்.

துத்தி என்னும் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அருணகிரிநாதர் பாடிய கந்தரந்தாதியின் 54-ஆம் பாட்டும் முழுவதும் தகர வருக்கத்தால் ஆகியது. அதிலும் துத்தி வருகிறது. அங்கே தேமலன்று, பாம்பின் படத்திலுள்ள புள்ளி. நம் ஊர் வேலியோரங்களில் முளைக்கும் மருந்துச் செடிக்கும் துத்தி என்றே பெயர். எழுத்து ஒன்றே, பொருள் மூன்று. எப்பொருள் எங்கே பொருந்தும் என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்களே காட்டும். அகராதி பொருள்களையெல்லாம் வரிசையாக நிறுத்தும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நம் அறிவின் வேலை.

இப்பாட்டைப்பற்றி வழிவழியாகக் கூறப்படும் வரலாறு ஒன்றுண்டு. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் புலவர்களை வாதுக்கழைத்துத் தோற்றவர் காதை அறுத்துவிடும் வழக்கமுடையவராம். அருணகிரியார் அந்தாதி பாடப்பாட, வில்லியார் உடனுக்குடன் பொருள் சொல்லிக்கொண்டே வந்தாராம். 53 பாட்டுக்குச் சொன்னவர் 54-ஆம் பாட்டில் நின்றுவிட்டாராம். பின்னர் அருணகிரியாரே பொருள் விரித்துரைத்து, அவர் காதை அறுக்காமல், இனி இக்கொடுமை வேண்டாவென்று திருத்தினாராம். வரலாற்றின் உண்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. அதன் உட்கருத்தைப் பாருங்கள். போட்டி எழுத்தை எண்ணுவதில் நடக்கவில்லை. பொருள் சொல்வதில் நடந்தது. பாடியவரும் தம் பாட்டுக்குப் பொருள் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்.

ஓரெழுத்தை மட்டும் வைத்துப் பாடுதல் ஒருவகை. சில எழுத்துகளை விலக்கிப் பாடுதல் மற்றொரு வகை. இதழ் குவியாமலும் ஒட்டாமலும் பாடும் பாட்டு நிரோட்டம் எனப்படும். ப, ம என்னும் எழுத்துகள் இதழ் இரண்டும் பொருந்தப் பிறக்கும். வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பன இதழ் குவியப் பிறக்கும். இவற்றையெல்லாம் நீக்கிப் பாடவேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவப்பிரகாச சுவாமிகள், நிரோட்டத்தையும் யமகத்தையும் அந்தாதியையும் ஒருங்கே இணைத்துத் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். 30 பாட்டுகளிலும் இதழெழுத்து இல்லை, அடிதோறும் எழுத்துத் தொடர் ஒன்று, பொருள் வேறு.

வடமொழியில் தண்டி என்னும் ஆசிரியர் எழுதிய தசகுமார சரிதத்தின் ஏழாம் பகுதியில், மந்திரகுப்தன் என்பவன் தன் கதை முழுவதையும் இதழெழுத்தின்றியே சொல்கிறான். காரணம் என்ன? அவன் உதட்டில் காயம்! உதடு கூடினால் வலிக்கும். எழுத்துக் கட்டுப்பாட்டுக்குக் கதையிலேயே காரணம் வைத்த ஆசிரியரின் திறத்தைப் பாராட்டாதிருக்க முடியாது.

மேலைநாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்னும் அமெரிக்கர் 1939-இல் 'காட்ஸ்பி' என்னும் நாவலை வெளியிட்டார். 50,000 சொற்களுக்கு மேற்பட்ட அந்நூலில் ஈ என்னும் எழுத்து வாராது. தட்டச்சுப் பொறியில் அவ்வெழுத்தின் விசையைக் கயிற்றால் கட்டிவைத்தே எழுதியதாக அவர் கூறியுள்ளார். ஆங்கில வினைகள் பலவற்றுக்கு இறந்தகால ஈறு அவ்வெழுத்தின்றி அமையாது. அந்த வினைகளையெல்லாம் அவர் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. 1969-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் அதே எழுத்தை நீக்கி ஒரு நாவல் எழுதினார். ஒருவர் காணாமற்போவதைப்பற்றிய கதை அது. பெரெக் சிறுவயதிலேயே தந்தையை இரண்டாம் உலகப்போரிலும், தாயை நாஜிகளின் வதைமுகாமிலும் இழந்தவர். நூல் முழுவதும் இல்லாமலே போன அந்த எழுத்து, இல்லாமற்போன உறவுகளை நினைவூட்டுகிறது என்று கற்றோர் கருதுவர். விலக்கப்பட்ட எழுத்தே இங்குப் பொருளாகிவிட்டது.

எழுத்தும் பொருளும் இவ்வாறு ஒன்றாகும் இடம் நம் திருக்குறளிலேயே உண்டு. துறவு என்னும் 35-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதற்குறள் 341, இறுதிக்குறள் 350. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். ஒருவன் எந்தெந்தப் பொருளினின்று விலகுகிறானோ அந்தந்தப் பொருளால் அவனுக்குத் துன்பமில்லை என்பது 341-ஆம் குறளின் கருத்து. அதனைச் சொல்லும்போது உங்கள் இதழ்கள் ஒருமுறையும் ஒட்டமாட்டா. பகரமோ மகரமோ வகரமோ அதில் இல்லை. இதழ் குவியும் ஓகாரம் ஓரிடத்தில் வருவதால் அதனை முழு நிரோட்டம் என்று கூறுதல் பொருந்தாது. ஒட்டாமை மட்டும் உண்மை. 350-ஆம் குறளோ, பற்றற்றானாகிய இறைவனைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. அதனைச் சொல்லும்போது இதழ்கள் மீண்டும் மீண்டும் ஒட்டுகின்றன. விலகச் சொல்லும்போது இதழ் விலகுகிறது. பற்றச் சொல்லும்போது இதழ் பற்றுகிறது! இது வள்ளுவர் கருதியே செய்ததாயினும், தானே அமைந்ததாயினும், பொருளறியாதவன் இந்த இன்பத்தைப் பெறமுடியாது. எழுத்தை எண்ணியவன் பாதி கண்டான். பொருளையும் உணர்ந்தவன் முழுவதும் கண்டான்.

எங்கள் கீரமங்கலத்தின் பெயரை நக்கீரரோடு இணைத்துக் கூறும் வழக்கு இங்குண்டு. மெய்நின்றநாதர் கோயிலில் அவருக்குச் சிலையும் உண்டு. திருவிளையாடற் கதையில், தருமி கொணர்ந்த பாட்டில் குற்றமுண்டென்று நக்கீரர் கூறியபோது, குற்றம் சொல்லிலா, பொருளிலா என்ற வினா எழுந்தது. சொல்லில் இல்லை, பொருளிலேயே உள்ளது என்று அவர் விடையிறுத்தார். சொல் பிழையின்றி இருந்தாலும் பொருள் பிழைத்தால் பாட்டு பிழைத்ததே என்னும் அந்த நெறி, மாணவர்க்கும் உரிய நெறியாகும்.

மாணவர்களே, கிராமத்துப் பள்ளிகளில் பல்லாண்டு பணியாற்றியவன் என்ற உரிமையால் ஒன்று சொல்கிறேன். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகள் பலர், வினாத்தாளில் நீண்ட ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டதும் அஞ்சி, தெரிந்த விடையையும் எழுதாது விட்டுவிடுகின்றனர். சொல்லின் நீளம் அவர்களைத் தோற்கடிக்கிறது. அஞ்சவேண்டுவதில்லை. நீண்ட சொல் என்பது குறுஞ்சொற்கள் கைகோத்து நிற்கும் வரிசையே. நம் இலக்கணம் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரிக்கக் கற்பித்திருக்கிறதன்றோ? அந்தக் கத்தியையே ஆங்கிலச் சொல்லுக்கும் பயன்படுத்துங்கள். முதலில் நடுவிலுள்ள பகுதியைக் கண்டுபிடியுங்கள். அடுத்து முன்னொட்டையும் பின்னொட்டையும் பிரியுங்கள். பிறகு அவ்வொவ்வொன்றின் பொருளையும் தமிழில் எழுதிக் கூட்டுங்கள். இறுதியாக அச்சொல்லை வைத்து உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று அமையுங்கள். இந்நான்கும் முடிந்தால் அச்சொல் உங்களுடையது.

இக்காலத்தில் கைப்பேசியில் தட்டினால் எந்தச் சொல்லுக்கும் பொருள் நொடியில் வந்து நிற்கிறது. பார்த்தது போதுமென்று விட்டால், வந்த விரைவிலேயே அது மறைந்தும்போகும். பார்த்த பொருளைப் பிரித்தெழுதிப் பழகியவனுக்கே அது நிலைக்கும். ஆகவே, உங்கள் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வகுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் சொல்லும் அதன் எழுத்து எண்ணிக்கையும். வலப்பக்கத்தில் பிரிப்பும் பொருளும். வலப்பக்கம் நிரம்பாதவரை இடப்பக்கத்தில் அடுத்த சொல்லை எழுதுவதில்லை என்று உறுதிகொள்ளுங்கள். ஒரு கிழமைக்கு ஐந்து சொல் போதும். ஆங்கிலச் சொல் மூன்று, தமிழ் ஓரெழுத்தொருமொழி இரண்டு என்று தொடங்கினால், ஐந்தாறு மாதங்களில் நன்னூலார் சொன்ன 42-உம் உங்கள் கையிலிருக்கும். ஆங்கிலத்தின் நெடுஞ்சொற்கள் அறுபதுக்குமேல் உடன் இருக்கும்.